பிஸ்கட் டப்பாவில் வைத்த மல்லி மெழுகு

“வாசன வாசனன்னு சொல்லி வெறும் மெழுக குடுத்துட்டுப் போயிட்டியேபா,” என்றார் லாட்ஜ் மேனேஜர்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது அந்த லாட்ஜ். அவர் மேசை மேல் நான் முந்தின நாள் கொடுத்துவிட்டுப் போன மூடிகள் கிடந்தன. கலர் பாட்டில்களின் தகர மூடிகள் அவை. உள்ளே மல்லி சென்ட் கலந்த மெழுகு. கொசு மேட் வைக்கிற மெஷின் மேல் மேட்டுக்குப் பதிலாக இந்த மூடியை வைத்து சுவிட்சைப் போட்டால், மெழுகு உருகி அறை முழுக்க மணக்க வேண்டும். புகை இல்லை, சாம்பல் இல்லை. அந்த லாட்ஜில் ஊதுபத்தி ஏற்றி ஒரு தடவை மெத்தை பொசுங்கியிருந்ததால் மேனேஜருக்கு இது பிடித்துப்போனது. மணக்கத்தான் இல்லை.

அவர் ஒரு மூடியை எடுத்துத் தன் மூக்கில் வைத்துவிட்டு என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

“மோந்து பாரு. ஏதோ கொஞ்சூண்டு கீது. மெஷின்ல வெச்சா அதுவும் காணோம். நீ என்ன ஏமாத்துறியா, இல்ல உன்ன எவனாவது ஏமாத்துறானா?”

ஆள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. தலையைக் குனிந்துகொண்டு மூடிகளைப் பையில் அள்ளிப் போட்டேன். அவரே மறுபடி சொன்னார்:

“ஆடியில ரூமெல்லாம் காலியாத்தான் கெடக்கும். ஆவணி பொறந்தா முகூர்த்தம், ரொம்பிடும். அதுக்குள்ள ஒழுங்கா கொண்டாந்தா வாராவாரம் எடுத்துக்கிறேன். இல்லாங்காட்டி இந்தப் பக்கம் வராத.”

அவர் கேட்டதில் முதல் பாதி எனக்கு வலிக்கவில்லை. நான் ஏமாற்றவில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டாவது பாதிதான் பஸ் ஏறிய பிறகும் விடவில்லை. என்னை எவன் ஏமாற்றுகிறான்? சென்ட் வாங்கி வருவது ஒரே ஓர் ஆள்தான். என் சகலை.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷம். இருங்காட்டுக்கோட்டைக்கு உள்ளே தள்ளி எங்கள் வீடு. பெங்களூர் ரோட்டோரம் ஒரு ஷெட்டில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். இரும்பு சாமான்கள் துருப்பிடிக்காமல் சுற்றி வைக்கிற மெழுகுத்தாள் தயாரிக்கும் இடம். அந்த வருஷம் தொடக்கத்தில் ஷெட்டை மூடினார்கள். முதலாளி நல்ல மனிதர். மிச்சமிருந்த மெழுகுக் கட்டிகளை “எடுத்துக்கினு போங்கப்பா” என்று எங்களிடமே விட்டுவிட்டார். மற்றவர்கள் மெழுகுவத்தி செய்கிற ஆளுக்குத் தள்ளிவிட்டார்கள். நான் அந்த ஆளிடம் போய்க் கேட்கக் கூச்சப்பட்டு நின்றதில், என் பங்கு கட்டிகள் வீட்டுக் கூடத்திலேயே அடுக்கிக் கிடந்தன.

அதைப் பார்த்துத்தான் சகலைக்கு யோசனை வந்தது. அவர் என் மனைவியின் அக்கா புருஷன். வாலாஜாபாத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்குச் சரக்கு எடுக்க அடிக்கடி சென்னை போய் வருவார். வாய் உள்ள மனுஷன். லாட்ஜ் மேனேஜரைப் பிடித்ததும் அவர்தான். “சகலை, மெழுகு உன்னுது, சென்ட் என்னுது, வாசன ரெண்டு பேருக்கும்,” என்று சொல்லிச் சிரித்தார். நான் அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன்.

ஆவணி என்கிற கெடு மேனேஜரோடு முடியவில்லை. என் மனைவியின் மாமன் மகன் பெங்களூரில் ஒரு குடோனில் வாட்ச்மேன் வேலை இருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தான். ஆவணிக்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்ல வேண்டும். போனால் குடோனிலேயே தங்க வேண்டும். குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் நாங்கள் இருவர்தான். அவளைத் தனியே விட்டுவிட்டு நான் அங்கே கேட்டுப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். இந்த மூடிகள் மணந்தால் நான் ஊரில் இருப்பேன். மணக்காவிட்டால் பெங்களூர்.

நாங்கள் வேலையில் குறை வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. பெட்டிக்கடைகளில் மூடி பொறுக்கி வந்து, உள்ளே ஒட்டியிருக்கும் தக்கை வட்டத்தைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்து, கழுவி வைப்பாள் மனைவி. ஒரு பழைய அலுமினியக் குண்டானில் மெழுகை உடைத்துப் போட்டு ஸ்டவ்வில் ஏற்றுவேன். ஷெட்டில் பார்த்த பழக்கம் எனக்கு: மெழுகு என்றால் நன்றாகக் காய்ந்து புகை கிளம்ப வேண்டும், அப்போதுதான் தாளில் சீராக ஏறும். அவளுக்குச் சமையல் பழக்கம்: எதைப் போட்டாலும் கொதியில் போட்டால்தான் ஒன்றாகச் சேரும். ஆக, மெழுகு புகைந்துகொண்டிருக்கும்போதே சென்ட்டை ஊற்றுவோம். சுர்ரென்று ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் தெருவே மணக்கும். எதிர் வீட்டுக்காரி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, “இன்னாடி, சாமி ஊர்கோலம் ஒங்கூட்டுலேர்ந்தா பொறப்படுது?” என்பாள். எங்களுக்குப் பெருமையாக இருக்கும். தெரு மணக்க மணக்க, சரக்கு நன்றாக இறங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொள்வோம்.

ஊற்றி இறுகியதும் மூடிகளை முறத்தில் பரப்பி, வெயில் படாத இடமாகப் பார்த்துக் காற்றில் காய வைப்போம். வடகமோ ஊதுபத்தியோ, செய்த எதையும் காய வைக்காமல் எடுத்து வைக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. ஆடி மாதமானதால் நல்ல காற்று. நாலைந்து நாள் காய்ந்த பிறகுதான் பையில் போடுவோம்.

தெருவே மணந்த சரக்கு லாட்ஜில் மட்டும் ஏன் மணக்கவில்லை? நான் யோசித்த வரைக்கும் ஒரே பதில்தான் வந்தது. சென்ட்டில் கலப்படம். நல்ல சென்ட்டில் பாதியைச் சகலை எடுத்து வேறு எங்கோ கொடுத்துவிட்டு, மிச்சத்தில் ஏதோ எண்ணெயை ஊற்றிக் கொடுக்கிறார். முதலில் பொங்கும் வாசனை, பிறகு ஒன்றும் இல்லை. கலப்படம் என்றால் அப்படித்தானே இருக்கும்?

மனைவியிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் கையிலிருந்த மூடியைக் கீழே வைத்துவிட்டாள்.

“மாமாவையா சொல்றீங்க?”

“சொல்லல. கேக்குறேன்.”

“இது எங்க அக்கா காதுல விழுந்துச்சுன்னா இந்த வூட்டு வாசப்படி மிதிக்காது. பாத்துக்கினு பேசுங்க.”

பேசவில்லை. பேசாமல் செய்ய முடிந்ததைச் செய்தேன். வெள்ளைத் தாளில் சென்ட் ஒரு சொட்டு விட்டு ஜன்னலில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் சொட்டு விழுந்த இடம் எண்ணெய்க் கறையாகக் கண்ணாடி மாதிரி தெரிந்தது. எண்ணெய் கலந்திருப்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அடுத்த பாட்டில் வந்ததும், சென்ட் நிற்கிற மட்டத்துக்கு நேராக லேபிளில் பென்சிலால் சின்னக் கோடு ஒன்று போட்டேன், வீட்டிலிருந்தும் அவர் எடுத்தால் தெரியட்டும் என்று. சகலை வீட்டுக்கு வந்து போகும் நாட்களில் அந்தக் கோட்டைப் பார்ப்பேன். அவர் தண்ணீர் குடிக்கச் சமையல் பக்கம் போனாலும் என் கண் பின்னாலேயே போகும்.

அந்தப் புது பாட்டிலைத் திறந்து வேலை செய்த முதல் நாள், மெழுகு புகைந்துகொண்டிருக்கும்போதே ஸ்டவ்வில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது. கடன் கேட்டு எதிர் வீட்டுக்குப் போன மனைவி பேச்சில் நின்றுவிட்டாள். அவள் வெறுங்கையோடு திரும்பி வந்தபோது குண்டானின் ஓரத்தில் மெழுகு வெள்ளையாகப் படிய ஆரம்பித்திருந்தது. இனி உறைந்துவிடும் என்ற பதற்றத்தில் அப்படியே சென்ட்டை ஊற்றிக் கிளறி மூடிகளில் விட்டோம்.

அன்று சுர்ரென்ற சத்தம் இல்லை. தெரு மணக்கவில்லை. எதிர் வீட்டுக்காரி எட்டிப் பார்க்கவில்லை.

எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. முந்தின பாட்டிலில் பாதியாவது சென்ட் இருந்தது, இதில் சுத்தமாக இல்லை. அந்த மூடிகளை நான் முறத்தில் பரப்பவில்லை. ஷெட்டிலிருந்து கொண்டு வந்த மெழுகுத்தாளில் சுற்றி, ஒரு பெரிய பிஸ்கட் டப்பாவில் அடைத்து, மூடியை அழுத்தி, பரண் மேல் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். ஒருநாள் அக்காவும் சகலையும் சேர்ந்து வரும்போது அவர்கள் எதிரிலேயே திறந்து, “மோந்து பாருங்க, இதுல இன்னா கீது?” என்று கேட்பதற்கு. காய வைத்தால், காற்றில் போய்விட்டது என்று அவர் சொல்லிவிடக்கூடும் இல்லையா? அதனால்தான் அப்படியே அடைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு முன்யோசனையாக நான் வேறு எதுவும் செய்ததில்லை.

அதற்கு முன்னால் சென்ட் விற்ற கடைக்காரரிடமே கேட்டுவிடலாம் என்று ஒருநாள் பாட்டிலை எடுத்துக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினேன். மனைவியிடம் பல்வலி என்று சொன்னேன். ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த அந்தக் கோடைக்குப் பிறகு எங்கள் பக்கம் போலீஸ் கெடுபிடி அதிகம். பஸ்ஸை நிறுத்திப் பை பையாகப் பார்ப்பார்கள். கான்ஸ்டபிள் ஒருவர் என் பாட்டிலைத் திறந்து முகர்ந்து, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னாயா இது?”

“மல்லி சார்.”

“எவ அந்த மல்லின்னு வூட்ல கேட்டா இன்னா ஆவுறது உன் கதி?” என்று அவர் சொல்ல, பஸ்ஸே சிரித்தது. எனக்குக் காது சுட்டது.

பாரிஸ் கார்னர் சந்தில், சகலை எப்போதோ பேச்சுவாக்கில் சொன்ன அடையாளத்தை வைத்துக் கடையைக் கண்டுபிடித்தேன். கடையில் வயதான பாய் ஒருவர். கூட்டம் குறையும் வரை எதிர்ப் பக்கம் நின்றுவிட்டு, பிறகு போய் பாட்டிலை வைத்தேன்.

“பாய், இது ஒங்க சரக்கா?”

அவர் பாட்டிலைத் தொடவே இல்லை. “நீ யாரு? டாக்ஸ் ஆபீஸா?”

“இல்ல பாய். நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம்.”

“அப்ப எதிர்க்கடைக்காரன் அனுப்பிச்சானா?”

இல்லை என்று தலையாட்டினேன். பிறகு அவர் மூடியைத் திறந்து, குச்சியில் தொட்டு முகர்ந்தார். “நம்ம மால்தான். ஊதுபத்திக்குப் போறது. மல்லி நம்பர் டூ.”

“எண்ணெ கலந்தா மாதிரி…”

“யார்ரா நீ! எண்ண இல்லாம செண்ட் எதுல நிக்கும், உன் தலையிலயா? எவன் வாங்கினாலும் இதான். கலப்படம்னு எங்கடைல வந்து சொல்ற?” அவர் குரல் ஏற ஏற நான் பின்னால் நகர்ந்தேன். பாட்டிலை என் பக்கம் தள்ளிவிட்டு அவர் சட்டென்று கண்ணைச் சுருக்கினார். “ஸ்ரீபெரும்புதூரா? மெழுகுக்கா வாங்கினு போறீங்க? ஹார்டுவேர் கடைக்காரர் ஒருத்தர் வருவாரே, நல்லா பேசுவாரு?”

“ஆமா.”

“போன வாரம் அவரு இங்கயே நின்னுக்கினு கேட்டாரு, ஒரு பாட்டிலுக்கு எத்தினி மூடி வரணும், பாதிய ஒருத்தன் ஒளிச்சு வெச்சுக்கினா தெரியுமான்னு. இப்ப நீ வந்து கீற. ஒங்க ரெண்டு பேருக்கும் வேற வேல கெடையாதா?”

நான் பாட்டிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அவர் சொன்னது உறைத்தது. சகலை கணக்கில், பாதியை ஒளித்து வைக்கிற அந்த ஒருத்தன் நான்தான்.

பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். என் பென்சில் கோடு இருந்தது. லேபிளின் மறுபக்கம், நான் இதுவரை பார்க்காத இடத்தில், நகத்தால் அழுத்திக் கீறிய இன்னொரு கோடு. என் கோட்டுக்கு நேர் மட்டத்தில். நான் அவரைக் காவல் காத்த அதே நாட்களில் அவர் என்னைக் காவல் காத்திருக்கிறார். தண்ணீர் குடிக்கச் சமையல் பக்கம் போனது எதற்கு என்று இப்போது புரிந்தது. எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கோபம்தான் வந்தது. கலப்படம் செய்கிறவன், தன் மேல் சந்தேகம் வராமலிருக்க என் மேல் திருப்புகிறான் என்றே நினைத்தேன். பாய் அவருக்குக் கூட்டாளியாகவும் இருக்கலாம்.

ஆடி முடிய சில நாட்களே இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் சகலையும் வாலாஜாபாத்திலிருந்து வந்தார்கள். அன்று பேசிவிடுவது என்று காலையிலிருந்து வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தேன். சகலை செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார்.

“இன்னா சகலை, பல்லு எப்டி கீது? மெட்ராஸ் வரைக்கும் போயி புடுங்கினியாமே?”

பாய் சொல்லிவிட்டார் போலும். கோத்து வைத்த வார்த்தைகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. நான் நாற்காலியைப் போட்டு ஏறி, பரணிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து நடுக்கூடத்தில் வைத்தேன். அக்கா அப்போது வெளியே குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். டப்பா மூடி இறுகியிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தேன்.

சகலை எட்டிப் பார்த்தார். “இன்னாது இது?”

“நீங்க கடைசியா குடுத்த சென்ட்டுல ஊத்தினது. மோந்து பாருங்கண்ணே.” அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது.

அவர் முகர்வதற்குள் அக்கா ஈரக் காலோடு உள்ளே வந்து வாசலிலேயே நின்றாள்.

“ஏன்டி, இம்மாம் மல்லி வாங்கினியா? எனக்கு ரெண்டு மொழம் எடுத்து வெக்கக் கூடாது?”

வீட்டில் ஒரு பூ கிடையாது.

என் மனைவி டப்பாவைப் பார்த்தாள். எனக்கும் அவளுக்கும் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. மாதக்கணக்காக அதிலேயே கிடந்த மூக்கு மரத்துப் போயிருந்தது. ஓடிப்போய் எதிர் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வந்தாள். அவளும் வாசலிலேயே, “அய்யய்ய, இன்னாடி இப்டி தூக்குது!” என்றாள். சகலை வீட்டுக் கொசு மெஷினைப் போட்டு ஒரு மூடியை வைத்தார். எல்லோரும் தெருவில் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தோம். அப்போது எனக்கே தெரிந்தது. கூடம் முழுக்க, மூலையில் அரிசி மூட்டை வரைக்கும் மல்லி.

“இத எப்டி செஞ்சீங்க?” என்றார் சகலை. அவர் பேச்சில் கேலி இல்லை.

மனைவிதான் சொன்னாள். மண்ணெண்ணெய் தீர்ந்தது, மெழுகு ஆறிப் படிந்தது, அதில் ஊற்றியது, எல்லாம். சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நிறுத்தி எதிர் வீட்டுக்காரியைப் பார்த்தாள்.

“அப்ப தெருவுல மணந்தது…?”

“அது எங்க மூக்குக்கு வந்துச்சு,” என்றாள் அவள். “மெழுகுல எங்க இருக்கும்? நாங்கதான் தெனம் ஓசியில மோந்துக்கினு கெடந்தோம்.”

மிச்சமிருந்ததையும் முறத்தில் பரப்பி ஆடிக் காற்றுக்குக் கொடுத்திருக்கிறோம். பேசிப் பேசி அதுவும் தெளிவானது. சூட்டில் பாதி, காற்றில் பாதி. யாரும் எடுக்கவில்லை, யாரும் கலக்கவில்லை.

சகலை டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “சரி சகலை. எல்லாத்தையும் காய வெப்பீங்க. இத்த மட்டும் எதுக்கு டப்பாவுல போட்டுப் பரண்ல வெச்ச?”

அக்கா என்னைப் பார்த்தாள். மனைவி அடுப்படிப் பக்கம் போய்விட்டாள். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். நான் அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்து, நகக் கீறல் இருந்த பக்கம் அவருக்குத் தெரியும்படி மேசையில் வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு பாட்டிலை மெல்லத் திருப்பினார். என் பென்சில் கோட்டையும் பார்த்தார்.

“எலி கிலி கடிச்சிடும்னு வெச்சிருப்ப,” என்றார்.

“ஆமாண்ணே. எலிதான்.”

“எங்கூட்லயும் எலித் தொல்லதான்,” என்று சொல்லிவிட்டு அவர் மூக்கைச் சொறிந்துகொண்டார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுப்படியிலிருந்து டம்ளர் விழும் சத்தமும், அதை அடக்கிக்கொண்ட சிரிப்பும் கேட்டன.

மறுநாளே டப்பாவோடு லாட்ஜுக்குப் போனேன். துணைக்கு சகலையும் வந்தார். பேச அவர், தூக்க நான். மேனேஜர் காலி அறை ஒன்றில் மூடியை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, எங்களைக் கீழே நிற்க வைத்து டீ குடித்தார். பிறகு மேலே போய்க் கதவைத் திறந்தவர் உள்ளே போகாமல் அப்படியே திரும்பினார்.

“இதுல இன்னா கலந்த?”

“மல்லி சார்.”

“மல்லி போன தடவயும் சொன்ன. ஆளு மயங்கிக் கியங்கி உழுந்துட்டா போலீஸ் என்னத்தான் கேக்கும். ஏற்கெனவே தெனம் வந்து ரெஜிஸ்டர புரட்டுறானுங்க. மருந்து எதுனா போட்டியா?”

நானும் சகலையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மணக்காவிட்டாலும் சந்தேகம், மணந்தாலும் சந்தேகம். கடைசியில் அவர் ஒரு கண்டிஷன் போட்டார். முதல் தடவை மூடி வைக்கும் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் வாராவாரம் எடுத்துக்கொள்வார். அன்று மதியம் முழுக்க அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். நடுநடுவே அவர் கதவைத் தட்டி, “உசுரோட கீறியாபா?” என்று கேட்டார். கீறேன் சார் என்றேன்.

ஆவணி பிறந்தது. பெங்களூருக்கு வரவில்லை என்று மாமன் மகனுக்குச் சொல்லி அனுப்பினோம்.

அதன் பிறகு ஸ்டவ்வை அணைத்து, குண்டானின் ஓரம் வெளுக்கும் வரை காத்திருந்துதான் சென்ட் ஊற்றினோம். இறுகியதும் உடனே டப்பாவில் அடைத்து இரண்டு வாரம் தொடாமல் வைப்போம். தெரு மணக்கவில்லை என்று எதிர் வீட்டுக்காரிக்கு வருத்தம். புது பாட்டில் வந்தால் லேபிளில் கோடு போடும் வழக்கத்தை மட்டும் நான் விடவில்லை. சகலையும் விடவில்லை. ஒரே ஒரு வித்தியாசம்: அவர் வந்த பிறகு, அவர் எதிரிலேயே போடுவேன். அவர் குனிந்து பார்த்து, “கொஞ்சம் மேல போடு சகலை,” என்பார்.